ஒளி திரும்பாத இடம்

டாக்டர் வில்மீனின் இடது கட்டைவிரலைச் சுற்றி
எப்போதும் ஒரு கறுப்புப் பட்டை.
பெரிய சக்கரம் மேலும் கீழும்,
சிறிய சக்கரம் இடமும் வலமும்.
இருபத்திரண்டு வருடம் இரண்டையும்
ஒரே விரலால் திருகியதற்குக் கிடைத்த சன்மானம்.
காப்பிக் கோப்பையை வலக்கையால்தான் எடுப்பாள்.

அந்த விரலுக்கு ஓய்வு கொடுங்கள் என்றுதான்
எங்களை அழைத்தது மருத்துவமனை.
என்ஸ்கெடேயில் மழை விடாத பிப்ரவரி.
யெல்மர் சக்கரங்களில் இரண்டு மோட்டார் பூட்டினான்.
படத்தைப் பார்த்து வழி சொல்லும் நிரல்
என் பாடு.

முதல் விதி சுலபம்.
எண்டோஸ்கோப் தன் விளக்கைத் தானே சுமந்து போகிறது.
கிட்டத்துச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் தரும்.
தூரம் தராது.
ஆகவே, எங்கிருந்து உன் ஒளி திரும்பவில்லையோ
அங்கே போ.
வினாடிக்கு இருபத்தைந்து படம்,
ஒவ்வொன்றிலும் மிக இருண்ட புள்ளியைத் தேடு,
அதைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவா.
எழுதியதைச் சத்தமாக ஒருமுறை வாசித்தேன்.
யெல்மர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

சிலிகான் குடலில் ஓடியது.
நாறாத, சுருங்காத, யாருக்கும் சொந்தமில்லாத குடல்.
பன்றிக்குடலில் தடுமாறியது.
நுரைக்குமிழின் மினுக்கத்தில் மயங்கி நின்றது.
ஈரச் சுவர் கண்ணில் அப்பி
திரை முழுக்கச் சிவந்தபோது
எது மேல், எது கீழ் என்று
மோட்டார்கள் ஒன்றையொன்று கேட்டு நடுங்கின.
சிவப்பென்றால் பின்னால் இழுக்கச் சொல்.
அந்த ஒரு வரிக்கு மூன்று வாரம்.

பிறகு ஒரு வியாழக்கிழமை
பழைய பதிவொன்றைக் கொண்டுவந்தாள் வில்மீன்.
திரையில் இரண்டு இருட்டு.
ஒன்று பாதை.
மற்றது குடற்சுவரில் பிதுங்கிய சின்னப் பை,
காகிதத்தைவிட மெலிந்த அடி.
என் நிரல் தயங்கவே இல்லை.
பைதான் கூடுதல் கறுப்பு.
ஆழம் தெரியாமல் தலையை விட்டது.
"கிழிந்தது" என்றாள்,
கோபமில்லாமல், தேதி சொல்வதுபோல.

எப்படித் தெரிகிறது உங்களுக்கு?
திரைக்கு அருகே போனாள், விலகினாள்.
"பாதையின் இருட்டைச் சுற்றி மடிப்பு இருக்கும்,
வளையத்துக்குள் வளையம்.
பையின் வாய் பொத்தான் துளைபோலக் கச்சிதம்."
கொஞ்சம் யோசித்து,
"அதுவும் சில நாள் பொய் சொல்லும்.
அப்போது காத்திருப்பேன்.
குடல் ஒருமுறை அசையும்.
பாதை என்றால் தானே சொல்லிவிடும்."

காத்திருப்பது எத்தனை வினாடி என்று கேட்டேன்.
சிரித்தாள்.

அனுமதிக் கடிதங்கள் ஒரு வருடம் தின்றன.
கெர்பென் ஸ்லோத், அறுபத்தெட்டு,
ட்வென்டே கால்வாயில் மணல் படகு ஓட்டியவர்.
மயக்க மருந்து வேண்டாம், திரையைப் பார்க்க வேண்டுமாம்.
"இப்ப யாரு ஓட்டுறது?"
"யந்திரம். நான் பக்கத்தில் இருக்கிறேன்."
"மூடுபனியில ரேடாரப் பாத்து
மதகுக்குள்ள நுழைஞ்சிருக்கேன்.
ரேடார் நல்லதுதான்.
ஆனா முன்னால என் பெண்டாட்டி
கொக்கியோட நிப்பா."

வில்மீனின் வலக்கை குழாயைத் தள்ளிக்கொண்டிருந்தது.
இடக்கைக்கு வேலையில்லை.
பைக்குள் வைத்தாள், எடுத்தாள்,
கடைசியில் அவர் இடுப்பின்மேல் வைத்தாள்.

இடப்பக்க வளைவில் ஒரு மணியோசை.
இரண்டு இருட்டு.
நான் எழுதிய கடைசி விதி:
சந்தேகமென்றால் நில், கூப்பிடு.
மோட்டார்கள் அடங்கின.
அவள் ஒன்றும் செய்யவில்லை.
மழை ஜன்னலில் வழிந்தது.
கெர்பென் மூச்சை இழுத்தார்,
குடல் ஒருமுறை அசைந்தது.
சக்கரத்தை அரை விரற்கடை திருகிவிட்டாள்.

"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."

மறுபடி யந்திரம் பிடித்துக்கொண்டது.
அவள் கை இடுப்புக்குத் திரும்பியது.
கட்டைவிரல் மட்டும்
வளைவுக்கு வளைவு
அந்த ஆஸ்பத்திரி அங்கியின்மேல்
கொஞ்சம் மேலே,
கொஞ்சம் இடப்பக்கம்
திருகிக்கொண்டே இருந்தது.