ஃபாலோ

நேதாஜி நகர் மன்றத்தில்
கேரம் பலகை மேல் குனியும்போதெல்லாம்
என் தலையிலிருந்து விழும்.
"அக்கா ஆடுனா போரிக் பவுடர் காசு மிச்சம்ப்பா"
என்று சிரித்தான் கோதண்டம்.
நானும் சிரித்தேன்.
அடுத்த அடியில்
குழிவாயில் நின்ற கறுப்பைத் தவறவிட்டேன்.

தோளில் விழுந்தால் தட்டிவிடலாம்.
பலகையில் விழுந்தது
எனக்கும் எதிராளிக்கும் நடுவில் கிடக்கும்.
ராயபுரத்து ஷகிலாபானு
முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குனிந்து
வாயால் ஊதினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

எங்கள் தெருவில் எல்லாமே உதிரும்.
கொடியில் காயும் சட்டை மேல் மணலிக் காற்றின் கரி,
ஹார்பர் லாரி கிளப்பிவிட்டுப் போகும் புழுதி,
உப்பு தின்ற சுவரின் சுண்ணாம்பு.
இதுவும் அதில் ஒன்று என்றுதான் இருந்தேன்.
எபினேசர் செல்போன் வெளிச்சத்தில்
வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"ஊரு மேல பழி போடாத.
இது உன்னுது."

எலுமிச்சையை அப்படியே தேய்த்த வாரம்
உச்சி தீயாய் எரிந்தது.
மீதிப் பழத்தைச் சங்கரா மீனுக்குப் பிழிந்தேன்,
அதுதான் அதற்கு இடம்.

பிறகு வெந்தயம்.
ராத்திரி ஊறி, விடிந்ததும்
விரலுக்குப் பிடிகொடுக்காமல் வழுக்கும்.
அரைத்து, புளித்த தயிரில் குழைத்தால்
படிக்கட்டுப் பூனைகூட எழுந்து வேறு படிக்குப் போகும்.
அதற்கும் முன்னால்
இளஞ்சூட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய்,
பொருக்கு இளக மட்டும்.

தடவிவிடுவது எபினேசர்.
பகலெல்லாம் கன்டெய்னர் லாரிக்குக் கிரீஸ் வைக்கும் கை.
எத்தனை சோப்பு போட்டாலும் டீசல் போகாத கை.
"பேரிங் மாதிரிதான்,
வறண்டா உதிரும்" என்கிறார்.
என் மண்டையை இவ்வளவு மெதுவாக
அவர் தொட்டது
கல்யாணமான புதிதில்கூட இல்லை.
அதை அவரிடம் சொல்லவில்லை.

தடவுவது எளிது. அலசத்தான் தண்ணீர் வேண்டும்.
போர்த் தண்ணீரில் அலசினால்
முடி தேர்வடம்.
லாரித் தண்ணீர் என்றால்
வெந்தயம் போக மூன்று குடம்.
மூன்று குடத்தில் எதிர்வீட்டு ரமணிக்கு
ஒரு நாள் சமையலே முடியும்.
வரிசையில் அவள் முன்னால் நின்று
மூன்றாவது குடத்தை நீட்டும்போது
எங்கேயோ பார்ப்பேன்.

எல்லாவற்றிலும் கஷ்டம்
சொறியாமல் இருப்பது.
ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் ஆள்காட்டி விரல் நகம்,
பத்து வருஷமாக வெட்டி வெட்டி
அளவு பார்த்து வைத்தது,
தூக்கத்தில் அதுதான் முதலில் உச்சிக்குப் போகிறது.
"நகத்த ஒட்ட வெட்டிடுங்கம்மா" என்றார்
ஸ்டான்லியில் ஓ.பி. சீட்டு எழுதிய டாக்டர்.
அவருக்குக் கேரம் தெரியாது.

இரவில் வலது கைக்கு
எபினேசரின் ஒர்க்‌ஷாப் கையுறை.
தூக்கத்தில் நான் அவர் முகத்தைத் தடவினால்
யாரோ மெக்கானிக் என்று பதறி எழுகிறார்.

ஆறாவது வாரம் குறைந்தது.
போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்,
குறைந்தது.

கொருக்குப்பேட்டை ஆட்டத்தில்
சிவப்பைப் போட்டுவிட்டு
ஃபாலோவுக்குக் குனிந்தேன்.
ஒன்றே ஒன்று இறங்கியது,
அவசரமே இல்லாமல்,
கோட்டின் மேல்.
நடுவர் பார்க்கவில்லை. ஷகிலாபானு பார்த்தாள்.
நான் அடித்தேன்.
காய் விளிம்பில் தட்டி நின்றது.
சிவப்பு திரும்பவும் நடுவுக்கு வந்தது.

தோற்றபின்
ஐம்பத்தாறு வருமா வராதா என்று
ஸ்டாப்பில் நின்றிருந்தபோது
பக்கத்தில் வந்து நின்றாள்.
"உன் தலைல வெந்தய வாசன வருது"
என்றாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு.
முக்காட்டுக்கு உள்ளே ஒரு விரல் போய்
சட்டென்று வெளியே வந்தது.
"எத்தன மணி நேரம் ஊறணும்?"

ஒரு ராத்திரி, என்றேன்.
கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டேன்.
அத வுடு,
உங்க பக்கம் லாரி
எந்தெந்த நாள் வருது?