முப்பதாம் நாள் அழைப்பு

வால்டிவியாவில் ஜூலை என்றால் மழைதான்.
அடுப்புகளில் ஈர விறகு. புகை மேலே போகாமல்
கூரைகளின் மேலேயே படுத்துக்கொள்ளும்.
பிறகு இருமல் வரும், ஆம்புலன்ஸ் வரும்,
பிறகு எங்களிடம் குழாய்கள் வரும்:
ஊதா மூடி, மஞ்சள் மூடி,
பனிக்கட்டியில் புதைத்த சாம்பல் மூடி.

நான் ஆய்வுக்குழுவின் செவிலி.
ஊசி குத்துவதை விட்டு இரண்டு வருடமாகிறது.
என் கையில் இருப்பது ஒரு அட்டவணை.
நிமோனியாவோடு வருகிறவரின் முதல் இரத்தம்
எண்களாகி ஒரே வரியில் உட்காரும்,
யூரியா, லாக்டேட், ஆல்புமின்,
சிவப்பணுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகின்றன என்பது வரை.
நிரல் அவற்றைக் கூட்டிக் கழித்து
ஒரு சதவீதம் சொல்லும்.

கடைசிக் கட்டம் மட்டும் காலி.
முப்பதாம் நாள் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும்.
இருக்கிறார் என்றால் பூஜ்யம்.
இல்லை என்றால் ஒன்று.

யார் வைத்த குறியீடோ.
உயிரோடு இருப்பவருக்குப் பூஜ்யம் போட
முதல் வாரம் கை எழவில்லை.
இப்போது எழுகிறது.

நாற்பத்தொன்று:
எரிபெர்த்தோ கத்ரிலெஃப், எழுபத்தொன்பது வயது.
யூரியா ஏறி, ஆல்புமின் இறங்கி,
அணுக்களோ
பல அச்சில் வார்த்த காசுகள் மாதிரி.
அறுபத்திரண்டு சதவீதம் என்றது நிரல்.
டாக்டர் பாரியென்தோஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
அதில் தூசியே இல்லை.
மகளைக் கூப்பிடச் சொன்னார்.

நாற்பத்திரண்டு, அன்று மாலையே:
நோர்மா ஒயார்சோ, ஐம்பத்தொன்று,
ஆற்றங்கரைச் சந்தையில் மீன் விற்பவள்.
எண்கள் எல்லாம் சமர்த்து. நான்கு சதவீதம்.
மூன்றே நாள். கடற்சிங்கம் தன் கூடையிலிருந்து
மீனைத் தூக்கிப்போன கதையைச் சொல்லி
வார்டையே இருமச் சிரிக்க வைத்துவிட்டு
தன் குடையிலேயே வீட்டுக்குப் போனாள்.

முப்பதாம் நாள். அதே மழை.
நாற்பத்தொன்றுக்கு இரண்டாவது மணியிலேயே குரல்,
பின்னால் மரம் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல்:
"யாரு, ஆஸ்பத்திரியா? என் கம்பளித் தொப்பி
அங்கேதான் இருக்கு. காது மூடுற தொப்பி. கிடைச்சுதா?"
தேடுகிறேன் என்றேன்.
அறுபத்திரண்டை அவரிடம் சொல்லவில்லை.
மூச்சு எப்படி என்று கேட்க வேண்டும், விதி அது;
கேட்டேன். தொப்பியைப் பற்றியே பதில்.

நாற்பத்திரண்டுக்கு ஒரு பையன் எடுத்தான்.
"அம்மா இல்லை."

சந்தைக்கா, என்றேன்.
எப்போது வருவாங்க, என்றேன்.
இரண்டு கேள்வியையும் திரும்ப எடுத்துக்கொள்ள
ஒரு வழியும் இல்லை.
அந்த முனையில் மழை பெய்துகொண்டே இருந்தது.
பிறகு அவன் பெரியவர்களைப் போல நிதானமாகச் சொன்னான்,
பத்தொன்பதாம் நாள், விடிவதற்கு முன்னால்.

பொய் சொல்லவில்லை நிரல்.
நூறில் நான்கு என்றுதான் சொன்னது.
அந்த நான்கு பேருக்கும் வீடு இருக்கும்,
போனை எடுக்க ஒரு ஆள் இருக்கும் என்பதை
நான்தான் எண்ணாமல் இருந்தேன்.

ஒன்று என்று எழுதினேன்.
ஒரு கோடுதான். மேலிருந்து கீழே.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் டாக்டர் கேட்டார்,
கணிப்பு எப்படி?
மொத்தத்தில் சரியாக இருக்கிறது என்றேன்.
இருக்கிறதுதான். அறுபதுகளில் பத்துக்கு ஆறு பேர் போனார்கள்.
இன்னும் முந்நூறு பேர் சேர்ந்தால்
யாரை இரவு முழுக்கக் கண்காணிக்க வேண்டும் என்று
முதல் குழாயிலேயே தெரிந்துவிடலாம்.
அதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.

தொப்பி கிடைத்துவிட்டது.
நான்காம் மாடி அலமாரியில், ஒற்றைச் செருப்புகளுக்கு அடியில்.
புகை வாசம் இன்னும் போகவில்லை.
மேசை மேல் வைத்திருக்கிறேன்.

நாற்பத்து மூன்று:
லைன் பிஸி.
யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.
பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடலாம்.