ரப்பற் சத்தம்

மாங்குளம் சந்தியிலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம்
நாலாவது மின்கம்பத்தடியில் என் கராஜ்.
காருக்கு முன்னே சத்தம் வந்து சேர்ந்தது.
டிக்டிக்டிக்டிக்
தையல் மெசினில் ஆரோ சாறி ஓரம் அடிக்கிற மாதிரி,
ஆனால் துணி இல்லாமல்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு லான்சர்.
மேலே வெள்ளை, கதவுக்குக் கீழே கிரவல் நிறம்.
கனகாம்பிகை ரீச்சர் இறங்கி, கதவைச் சாத்தாமலே சொன்னா:
"மூண்டு பேர் மூண்டு விடை சொல்லிட்டினம்.
ஒராள் தடிச்ச ஓயில் விடச் சொன்னார்.
ஒராள் வித்துப்போடச் சொன்னார்.
ஒராள் ரேடியோவைக் கூட்டி வைக்கச் சொன்னார்.
இவ்வளவு நாளும் மூண்டாவதைத்தான் செய்தனான்."

எனக்கு இடது காது,
தோடு போட்டிருக்கிறேன், கேட்காது.
வலது காதில் எல்லா எஞ்சினும் ஒன்றாய்க் கலந்துபோகும்.
அதனால் நீட்டு ஸ்குறூட்றைவரின் பிடியைப் பல்லில் கடித்து
நுனியை வால்வ் மூடியில் வைப்பேன்.
சத்தம் தாடையில் ஏறி
மண்டைக்குள் வந்து குந்தும்.
முதல் சிலிண்டர், பேச்சில்லை.
இரண்டாவதில் ஒரு முணுமுணுப்பு.
மூன்றாவதில்
கடைவாய்ப் பல்லே ஆடியது.

"ஓயில் மாத்தி எவ்வளவு காலம்?"
"பதினோராயிரத்து நானூற்று இருபது கிலோமீற்றர்."
கணக்கு ரீச்சர்.
எண்ணி வைத்திருக்கிறா, மாற்றத்தான் இல்லை.

மூடியைக் கழற்றினேன்.
புளிக்குழம்பு அடிப்பிடித்த சட்டி.
றொக்கர் தண்டைச் சும்மா தூக்கினால்
லிஃப்ரர்கள் நாவற்பழமாய் உதிர்ந்து உருண்டுவிடும்.
சேலைன் குழாயை வெட்டி வைத்த வளையங்களை
ஒவ்வொன்றாய்க் கொழுவினேன்.
டிலக்சன் போன் வெளிச்சம் பிடித்தான்.
அவனுக்கு மெசேஜ் வரும்போதெல்லாம்
எஞ்சினுக்குள் மின்னல்.

பன்னிரண்டு. விரல்நுனி அளவு.
பெருவிரலால் அமத்தினால் பதினொன்று கல்.
ஏழாவது மட்டும் பஞ்சாய் உள்ளே போனது.
ஓயில் இருக்கவேண்டிய வயிற்றில்
காற்று.

"இவ்வளவு சின்னனா?"
"இவ்வளவுதான்."
"இதுக்கோ நான்... வகுப்பில
பிள்ளையள் பேனை தட்டினாலும் திரும்பிப் பாத்தனான்."

மீன்ரின்னில் டீசல் ஊற்றி
ஏழாவதை அதற்குள் நிமிர்த்திப் பிடித்தேன்.
துளைக்குள் ஊசியை விட்டு
உள்ளேயிருக்கும் குருணி உருண்டையை மெல்லத் தள்ளி
மறுகையால் அமத்தி, விட்டு, அமத்தி.
கறுப்புக் குமிழி வந்தது.
பிறகு வெறும் குமிழி.
பிறகு நெடுநேரம் யோசித்துவிட்டு
இன்னும் ஒன்று.
ஊசியை எடுத்து அமத்திப் பார்த்தேன். அசையவில்லை.

எல்லாம் பூட்டி, புது ஓயில் விட்டு, திறப்பைத் திருப்பினால்
டிக்டிக்டிக்டிக்.
ரீச்சர் என்னைப் பார்த்த பார்வை
வீட்டுப்பாடம் செய்யாதவனைப் பார்க்கிற பார்வை.
"பொறுங்கோ."
மெல்ல மிதித்தேன், உறும ஏற்றி, மெல்ல இறக்கினேன்.
மறுபடி. மறுபடி.
ஒருமுறை சத்தம் கால் தடுக்கியது.
மறுபடி.
"பதினேழு" என்றா ரீச்சர், எண்ணிக்கொண்டிருந்திருக்கிறா.
"நிண்டிட்டுது. உண்மையா நிண்டிட்டுதோ?"
ஸ்குறூட்றைவரைத் துடைத்து நீட்டினேன்.
கொஞ்சம் தயங்கினா,
பிறகு பாடசாலைச் சேலையோடு குனிந்து
பிடியைக் கடித்துக்கொண்டு
கண்ணை மூடினா.

மூன்றாம் நாள் திரும்பவும் வந்தா.
"இப்ப வேற ஒண்டு. பின்னுக்கு, இடப்பக்கம்.
கிரவல் றோட்டில மட்டும் லொடக் லொடக் எண்டுது."
டிக்கியைத் திறந்து உதிரி ரயறைத் தூக்கினேன்.
அடியில் கிடந்தது
கரும்பலகையில் வட்டம் கீறுகிற மரக் கவராயம்.
"ஐயோ, இதைத் தேடாத இடமில்லை.
ஒரு வருசமா சோக்கில நூல் கட்டியெல்லோ கீறுறன்."
கராஜ் வாசலிலேயே அதன் காலை விரித்தா, மூடினா.
கிறீச்.
என்னைப் பார்த்தா.
ஓயில் கானை எடுத்து வந்தேன்.
ஒரு துளி.