முப்பத்தொன்றாம் கூண்டு

மர்ஸே: கல் பிளவில் முளைக்கும் மலைச்செடி,
ஓமத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.
பூத்ததும் அறுத்து நிழலில் உலர்த்தி
மூன்று மணி நேரம் குடுவையில் கொதிக்க விட்டால்
நூறு கிராம் இலைக்கு
ஒரு தேக்கரண்டி நிறையாத மஞ்சள் எண்ணெய்
நீர்மேல் மிதந்து வரும்.
தொட்ட விரலால் கண்ணைத் தொடக்கூடாது.
தொட்டேன். அழுதுகொண்டே
அளவு குறித்தேன்.

குர்ரமாபாதில் அந்த வருடம்
குழாய் நீர் உறைந்தது.
எழுபத்திரண்டு வெள்ளைக் கோழிகள்,
ஆளுக்கொரு கம்பிக் கூண்டு.
முதல் வரிசைக்கு வெறும் தீவனம்,
இரண்டாவதற்குக் கிலோவுக்கு நூற்றைம்பது மில்லிகிராம்,
மூன்றாவதற்கு முந்நூறு.
எந்த வரிசை எதுவென்று
கோழிகளுக்குத் தெரியாது.
காவலுக்கு இருந்த ஷாமுராதுக்கு
மூக்கிலேயே தெரியும்.

எடை, நீளம், ஓட்டின் தடிமன்,
உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு
எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது வரை
பன்னிரண்டு வாரம் எழுதினேன்.
என் கைப்பையில் முட்டை ஓட்டுத் தூள்,
என் கனவில் தசமப் புள்ளிகள்.

முப்பத்தொன்று மட்டும்
ஒன்றும் தரவில்லை.

தின்றாள். மற்றவர்களைவிடக் கூடவே தின்றாள்.
காலை பத்து மணிக்குக் கம்பித்தரையில் உட்கார்ந்து
கண்ணை மூடி, முக்கி, எழுந்து,
ஊருக்கே கேட்கும்படி கொக்கரிப்பாள்.
குனிந்து பார்த்தால் சரிவுத்தட்டில்
காற்று.

"இவள் பொய் சொல்கிறாள்" என்பான் ஷாமுராத்.
நிமிர்ந்து நிற்கும் அவள் தோரணைக்கு
'அமைச்சர்' என்று பெயர் வைத்தான்.
நான் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.
எண்பத்து நான்கு பூஜ்யங்கள்
வரிசையாக, முட்டை வடிவத்தில்.

அவளைச் சேர்த்தால்
எண்ணெய்க்குப் பயனில்லை: பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு.
எடுத்துவிட்டால்
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு. எண்ணெய் வேலை செய்கிறது,
எனக்குப் பட்டம்.
பேராசிரியர் சக்வந்த் தேநீர்க் கண்ணாடியைச் சுழற்றியபடி
"நோய்க்கோழியாக இருக்கலாமே, கோலாலே" என்றார்.
இருக்கலாம் என்பது ஒரு காரணமா?
அன்றிரவு அட்டவணையை இரண்டாகச் சேமித்தேன்.
ஒன்றில் அவள் இருந்தாள்.
ஒன்றில் இல்லை.

கடைசி வாரம் ஈரல் பார்க்க
வரிசைக்கு இரண்டு பறவையை அறுக்க வேண்டும்.
சீட்டு குலுக்கித்தான் எடுக்க வேண்டும்.
நான் குலுக்கவில்லை.

வயிற்றைத் திறந்ததும் கத்தி நின்றது.
மஞ்சள். மஞ்சள் மேல் மஞ்சள்.
சில உருண்டை குலையாமல்,
சில கசங்கி, சில பழைய மெழுகாக இறுகி,
குடலுக்கும் கொழுப்புக்கும் இடையில்
அடுக்கடுக்காகக் கருக்கள்.
முட்டைக்குழாயின் வாய் திறக்கவே இல்லை.
தினமும் ஒன்றை உண்டாக்கினாள்.
தினமும் அது
உள்ளேயே விழுந்தது.

ஷாமுராத் தொப்பியைக் கழற்றினான்.
பிறகு, கழற்றியது ஏனென்று தெரியாமல்
மறுபடி போட்டுக்கொண்டான்.
"மொத்தம் எத்தனை?" என்றான்.
முழுதாய் இருந்தவை பத்தொன்பது.
கரைந்தவற்றை எண்ண முடியாது.
எண்ணினாலும் எழுதக் கட்டமில்லை.

பேராசிரியருக்குப் படம் அனுப்பினேன்.
"நல்லது. இப்போது நியாயமாகவே
நீக்கிவிடலாம்" என்று பதில் வந்தது.
நியாயம்தான்.
பட்டியல் இரண்டின் அடியில், சிறிய எழுத்தில்:
உடற்கூறு கோளாறால் ஒரு பறவை
கணக்கில் சேர்க்கப்படவில்லை.
பன்னிரண்டு வாரக் கொக்கரிப்புக்கு
ஒற்றை நட்சத்திரக் குறி.

கையை நான்கு முறை கழுவினேன்.
ஷேர் டாக்சியில் மூன்றாவது ஆளாக நெருங்கி உட்கார்ந்தபோது
ஜன்னலோரப் பெண் மூக்கை உறிஞ்சி
"யார் வீட்டிலோ ஊறுகாய் போடுகிறார்கள்" என்றாள்,
சந்தோஷமாக.
நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.
வெளியே பனி தொடங்கியிருந்தது.
முந்நூறு மில்லிகிராம், என்று
தேவையில்லாமல் ஒருமுறை
மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.