ஐந்தாவது நிறுத்தம்

கியோஜாவின் கால்வாய் ஓரம்
மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்து
முன்னால் நடக்கிறாள் ஒர்னெல்லா.
பின்னால் பதினோரு தொப்பி.

வறுத்த மத்தி, வெங்காயம், வினிகர்.
கடலோடிகள் கெடாமல் வைத்துத் தின்றது என்கிறாள்,
நேற்றுச் சொன்ன அதே மூச்சில்.
யாரோ விரலை நக்குகிறார்.

அடுத்தது நேவியோவின் கடை.
ஷட்டரில் ஒரு தாள்:
துக்கத்தால் மூடியிருக்கிறது.
பசை இன்னும் காயவில்லை.

காலை எட்டு மணிக்குத்தான்
பன்னிரண்டு தட்டு வையென்று போனில் சொன்னாள்.
சரி என்ற குரல் யாருடையது?

"இங்கே என்ன தருவார்கள்?"
கேட்கிறது ஒரு தொப்பி.

"கணவாய்" என்கிறாள்.
"அதன் மையிலேயே வேகவைத்தது.
எப்போதும்
ஒரு கல் உப்பு தூக்கல்."

ஐஸ் பெட்டிகளோடு படகொன்று கடக்கிறது.
குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு
அவள் நடக்கிறாள்.
பாலத்தின்மேல் நின்று
தொப்பிகள் மஞ்சளைத் தேடுகின்றன.