கேட்டவளோ

ஞாயிறு மதியம் முப்பத்தைந்தாம் நெடுஞ்சாலையால்
வாகனங்கள் வரத் தொடங்கும்.
மின்டனைத் தாண்டிச் சரளைக்கல் பாதை.
கடைசித் திருப்பத்தில் நான் நிற்பேன்,
கழுத்தில் விசில், கையில் பெயர்ப் பட்டியல்,
காதோரம் நுளம்பு.

நாற்பத்திரண்டு பேர்.
ஆக மூத்தவர் வென்டலுக்கு அறுபத்தெட்டு.
உதவிக்கு வரும் கல்லூரிக்காரரிடம் முதல்நாளே சொல்லிவிடுவேன்:
இவர்களைக் குழந்தைகள் என்னாதீர்கள்.
நாற்பத்தேழு வயதுக்காரி
தானே சூப் அள்ளிக் குடித்தால் கைதட்டாதீர்கள்.
உங்களுக்கு யாராவது தட்டுகிறார்களா?

மீதியெல்லாம் மாத்திரை.
காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு எட்டு.
நீலப் பெட்டி, பூட்டு, திறப்பு என் இடுப்பில்.
வலிப்பு வந்தால் மணிக்கூட்டைப் பார்,
ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.
கோர்டியின் தட்டில் மஞ்சள் நிறம் கூடாது:
சோளம் இல்லை, முட்டை இல்லை,
மார்லீனின் பிறந்தநாள் கேக்கும்
அதனால்தான் ஊதா.

இந்த வருடம் புதியவள் பவளராணி.
ஸ்காபரோவிலிருந்து அண்ணன் கொண்டுவந்து விட்டார்,
கேதீஸ்வரன், லொறி ஓட்டுகிறவர்.
அவளுடைய ஒவ்வொரு உடுப்பிலும் பெயர் தைத்திருந்தது,
கறுப்பு நூல், கோணல் எழுத்து,
ஊசி பழகாத கை.
இடது காதில் கதைத்தால்தான் கேட்கும்,
இருட்டில் தண்ணீர்ச் சத்தம் பயம்,
தலை இழுக்கும்போது எண்ண வேண்டும், இருபதுவரை;
ஐந்து பக்கம் எழுதித் தந்தார்.
பத்தொன்பது வருடத்தில் முதல் பிரிவாம்.
'ஆறு நாளும் நித்திரைதான் கொள்ளப் போறன்'
என்று சொல்லிவிட்டு
வாகனத்தைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாதவர்போல் நின்றார்.

அன்றிரவே ஒன்பதரைக்குத் தொலைபேசி.
'சாப்பிட்டவளோ?'
சாப்பிட்டாள்.
'படுத்திட்டாளோ?'
படுத்துவிட்டாள்.
பிறகு ஒரு மூச்சு.
'என்னைக் கேட்டவளோ?'

பயணக் களைப்பு, என்றேன்.

திங்கள் முழுவதும் அவள் படகுத்துறையில் இருந்தாள்,
பலகைக்கு அடியில் தண்ணீர் தட்டத் தட்டச்
சிரித்துக்கொண்டு.
செவ்வாய், ஓடத்தில் வென்டலுக்கு முன்னால்;
துடுப்பைப் பிழையாகப் பிடித்தபடி
சரியான இடத்துக்குப் போனாள்.
புதன், மிதவைச் சட்டையின் கொளுக்கியை
நான் பூட்டிவிட்டேன் என்று கோபம்.
கழற்றினாள். மூன்றையும் முதலிலிருந்து தானே.
பதினொரு நிமிடம்.
ஏரியும் மற்ற ஓடங்களும் பார்த்துக்கொண்டு நின்றன.

அன்றிரவும் கேட்டார்.
என் நாக்கில் எங்கிருந்து வந்ததோ இரக்கம்,
'ஓம், இரண்டு தரம் கேட்டவள்' என்றேன்.

மறுமுனையில் திறப்புக் கொத்தின் சத்தம்.
'இப்ப வெளிக்கிட்டா பன்னிரண்டுக்குள்ள வந்திடுவன்.
அவளை அழ விடாதையுங்கோ.'

ஒரு பொய்க்கு இவ்வளவு சக்கரம் இருக்குமென்று
நான் நினைக்கவில்லை.
'நில்லுங்கோ' என்றேன்.
'கேட்கேல்லை. ஒரு தரமும் கேட்கேல்லை.
நான்தான் சும்மா சொன்னேன்.'

குளிர்சாதனப் பெட்டி உறுமியது.
வெளியே லூன் பறவை ஒன்று, பிறகு இன்னொன்று.
'அப்ப நான் இல்லாட்டியும்...'
அவர் முடிக்கவில்லை.
நானும் முடித்துக் கொடுக்கவில்லை.
இருவரும் வைக்காமல் கொஞ்ச நேரம்
அந்தச் சொல்லின் பக்கத்தில் இருந்தோம்.
வியாழன் இரவு அழைப்பு வரவில்லை.
வெள்ளியும்.
நித்திரையோ என்னவோ.

சனிக்கிழமை மூன்று மணித்தியாலம் முந்தி வந்து
திருப்பத்துக்கு அப்பால் நிறுத்தியிருந்தார்.
பவளராணி நடந்துபோய்ப் பையை அவர் காலடியில் போட்டாள்.
'பாரம்' என்றாள், அவ்வளவுதான்.
அவர் அவள் தலையைத் தொடப்போய்
பையைத் தூக்கினார்.

வாகனத்தில் ஏறி சீட் பெல்ட்டை இழுத்தாள்.
பழக்கத்தில் அவருடைய கை நீண்டது.
பாதி வழியில் நின்று
ஸ்டியரிங்கிற்குத் திரும்பிப் போனது.

பின்னால் ஏழெட்டு வாகனம். யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.
ஜன்னலால் கையை வெளியே போட்டு
'பொறு' என்று காட்டினார்.

இந்தமுறை நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.