நூற்றுக்கு இருபது

பர்மா பஜார் மானிட்டர்
தன் அளவைச் சொல்லாது.
லினக்ஸ் குத்துமதிப்பாய் இழுத்துப் போர்த்தியதில்
எழுத்துக்கெல்லாம் தொப்பை,
வட்டமெல்லாம் முட்டை.

தடைக்காலம். காசிமேடே கரையில் கிடக்கிறது.
தேசப்பன் அண்ணன் பெண்டிரைவை நீட்டினார்:
"கண்ணீர் அஞ்சலி. பத்துக்கு எட்டு.
காலையில கட்டணும்."

படம் திறந்ததும் அசையாமல் பார்த்தார்.
"இருண்ணே, ஸ்க்ரீன் கோணலா இருக்கு."
கறுப்பு ஜன்னலில்
ஆயிரத்து நானூற்று நாற்பது, தொள்ளாயிரம் என்றேன்.
ஒரு வரி எண்களைத் துப்பியது.
ஒரு புள்ளி விடாமல் எடுத்து
எக்ஸ்ராண்டரிடம் கொடுத்து,
புது மோடுக்குப் பேர் வைத்து,
விஜிஏவில் சேர்த்து
என்டர்.

ஒரு மூச்சு இருட்டு.
பிறகு வட்டம் வட்டமாக,
கோடு கோடாக,
பூங்காவனம் அக்கா
கன்னம் ஒட்டி, தாடையெலும்பு தெரிய.
ஸ்டான்லியில் கடைசியாய் எடுத்தது.

வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று
ரிவர்ஸ் எடுத்து முடிக்கும்வரை
அவர் பேசவில்லை.

"தம்பி, மொதல்ல வந்துச்சே,
அப்படியே இருக்கட்டுமே.
கொஞ்சம் சாப்ட்ட மாதிரி இருந்தா."

திரையை அப்படியே விட்டு
படத்தின் ஓரத்தை மட்டும் பிடித்து
இழுத்தேன்.
பத்து. பதினைந்து. இருபது.

"போதும்ப்பா," என்றார்,
"அதுக்கு மேல
அவளே ஒத்துக்க மாட்டா."